"திடீர்னு செத்துப்போச்சு" என்கிற பச்சைப் பொய்

கிளி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. காலைல எழுந்து பாத்தா கூண்டுக்கு அடியில கிடக்குது. திடீர்னு செத்துப்போச்சு." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் இன்னொரு ஜோடி. கூண்டு அதேதான், கிண்ணம் அதேதான், சில வீடுகளில் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீர் கூட அதேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை தினமும் இலைகளால் புதிதாகச் செய்வார்கள். இன்றைய கிளி வாடினால் நாளைக்கு வேறு கிளி. அது இலைக்கிளி, சரி. நம் ஆட்கள் உயிருள்ள கிளியையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்த "திடீர்னு" என்ற வார்த்தை பெரும்பாலும் பொய். அந்தப் பறவை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தது. நாம் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கோபம் வருகிறதா? வரட்டும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் எந்தக் கிளி?

நம் ஊர் பச்சைக்கிளியைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வளக்குறோம்" என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது. அந்தக் கிளிக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கொண்டு போகவே பயப்படுகிறார்கள். அந்தப் பயமே அதைக் கொல்கிறது.

நான் பேசுவது கடையில் வாங்கும் வெளிநாட்டு வகைகளைப் பற்றி. நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று கூப்பிடும் பட்ஜிகள் (ஆஸ்திரேலியாக் கிளி, உண்மையில் லவ் பேர்டே கிடையாது), "ஆப்ரிக்கன்" என்று கூப்பிடும் நிஜமான லவ் பேர்ட்ஸ், பாதிப் பேர் "காக்டெயில்" என்று சொல்லும் காக்கடீல், வசதி இருந்தால் ஆப்ரிக்க சாம்பல் கிளி. எல்லாமே கிளி இனம்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பட்ஜி 5 முதல் 10 வருஷம், காக்கடீல் 15 வருஷத்துக்கு மேல், சாம்பல் கிளி 40 வருஷத்தைத் தாண்டியும் வாழும். "அதுக்கு ஆயுசே ரெண்டு வருஷம்தான் தம்பி" என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அவர் வளர்த்ததெல்லாம் ரெண்டு வருஷத்தில் செத்தது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

நடிகர் திலகம்

கிளி, இன்னொரு மிருகத்துக்கு இரையாகும் ஜாதி. கூட்டத்தில் எது சோர்ந்து உட்கார்ந்திருக்கிறதோ அதைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் உடம்பு முடியாவிட்டாலும் நன்றாக இருப்பது போல நடிக்கும். நீங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இறகைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். கத்தும். கிண்ணத்துக்குப் போய் விதையைக் கொறிக்கும். பல சமயம் உமியை மட்டும் உடைத்துப் போட்டுவிட்டு உள்ளே எதுவும் போகாது. நடிக்கக்கூட சக்தி இல்லாமல் போகிற அன்றைக்குத்தான் நம் கண்ணில் படுகிறது. நாம் அதை நோயின் முதல் நாள் என்கிறோம். அது கடைசிக்கு முந்தைய நாள்.

"அப்ப நிஜமாவே திடீர்னு சாகவே சாகாதா?" என்று கேட்பீர்கள். சாகும். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி 30 வருஷம் வைத்து ஆராய்ச்சி செய்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும். முந்தைய நாள் வரை நன்றாக இருந்து, 2007 செப்டம்பர் 6 அன்று காலை கூண்டில் இறந்து கிடந்தது. வயசு 31. ஆனால் அவர்கள் "திடீர்னு போயிடுச்சு" என்று விட்டுவிடவில்லை. பிரேதப் பரிசோதனை செய்து, ரத்தக்குழாய் தடித்துப்போன நோயோடு சம்பந்தப்பட்ட மரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு "திடீர்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். பார்க்காமலே சொன்னால்?

எடை பாருங்கள் சாமி

கிளி வளர்க்கத் தேவையான முதல் கருவி ஊஞ்சலும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய்தான். ஒரு சின்ன டப்பாவை வைத்து, அதன் எடையைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கிளியை அதில் உட்கார வையுங்கள். காலையில் சாப்பிடுவதற்கு முன்னால், வாரம் ஒரு முறையாவது. நோட்டில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அலட்டல்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 கிராம் இருக்கும் பட்ஜி 4 கிராம் இளைத்தால் அது 11 சதவீதம். 60 கிலோ ஆள் ஒருவர் ஆறரைக் கிலோவுக்கு மேல் இளைத்த மாதிரி. உங்கள் அப்பா பத்து நாளில் ஆறு கிலோ இளைத்தால் சும்மா இருப்பீர்களா? ஆனால் கிளி இளைத்தது வெளியே தெரியாது. இறகு மூடியிருக்கும். மெதுவாகப் பிடித்து நெஞ்சு நடுவில் இருக்கும் எலும்பைத் தொட்டால்தான் தெரியும். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி மாதிரிக் குத்தினால் விஷயம் முற்றிவிட்டது. தராசு அதற்கு ரொம்ப நாள் முன்னாடியே சொல்லியிருக்கும்.

(பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் மூக்கு திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும்.)

எச்சம் என்கிற ரிப்போர்ட்

கூண்டுத் தட்டில் மணலோ மரத்தூளோ போடாமல் நியூஸ்பேப்பர் போடுங்கள். தினமும் காலையில் மாற்றுங்கள், மாற்றும் முன் பாருங்கள். "ச்சீ" என்கிறவர்கள் கிளி வளர்க்க வேண்டாம், காலண்டரில் இருக்கும் கிளியைப் பாருங்கள்.

நல்ல எச்சத்தில் மூன்று பாகம் இருக்கும். சுருண்ட பச்சை அல்லது பழுப்பு நிற மலம், அதன் மேல் வெள்ளையாக ஒரு பசை, சுற்றி ஈரம். வெள்ளைப் பாகம் மஞ்சளாகவோ வெளிர் பச்சையாகவோ மாறினால் ஈரல் கோளாறாக இருக்கலாம், கிளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். முழு விதை செரிக்காமல் வந்தால் வயிற்றில் பிரச்சினை. எண்ணிக்கை குறைந்து, சின்னச் சின்னதாகக் கரும்பச்சையில் போனால் அது சாப்பிடவே இல்லை என்று அர்த்தம், கிண்ணத்தில் உமி குவிந்திருந்தாலும் சரி. சிவப்பாக இருந்தால் ரத்தம். பீட்ரூட் கொடுத்தீர்களா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள், பிறகு பதறுங்கள். தர்பூசணி மாதிரி பழம் சாப்பிட்ட அன்று தண்ணீராகப் போவதும் சகஜம். தினமும் பார்ப்பவருக்குத்தான் எது சகஜம், எது இல்லை என்று தெரியும்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்:

1. பகல் நேரத்திலும் இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்காருவது.
2. வழக்கமாக ஒரு காலில் தூங்குவது, இரண்டு காலையும் ஊன்றித் தூங்குவது.
3. மூச்சு விடும்போதெல்லாம் வால் பம்ப் அடிப்பது போல ஏறி இறங்குவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. இது அவசரம். "நாளைக்குப் பாக்கலாம்" கிடையாது.
4. குரல் மாறுவது, அல்லது எப்போதும் கத்தும் பறவை அமைதியாவது. (நாம் "அப்பாடா" என்று சந்தோஷப்படும் இடம் இது.)
5. மூக்குக்கு மேல் இறகு கறைபடிந்து ஒட்டிப்போவது.
6. கூண்டுத் தரையில் உட்காருவது. பெண் பறவை தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகும் விஷயம் அது.

மஞ்சள் பவுடர் மகாத்மியம்

இப்போது என் பெரிய கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு கடை இருக்கிறது. பேர் வேண்டாம். எந்த நோய் சொன்னாலும் ஒரே வைத்தியம். பேதியா? மஞ்சள் பவுடர். சளியா? மஞ்சள் பவுடர். காலில் அடியா? அதற்கும் அதே பவுடர்தான். "ஒரு சிட்டிகை தண்ணில கலந்து வைங்க, மூணு நாள்ல பறக்கும்." என்ன பவுடர் என்று கேட்டால் "ஆன்டிபயாடிக் தம்பி" என்கிறார்கள். உங்கள் ஊரிலும் நிச்சயம் ஒரு கடை இருக்கும்.

இதில் எத்தனை தப்பு என்று எண்ணலாம். ஒன்று, பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம். குறைந்த தண்ணீரில் பிழைக்கப் பழகிய உடம்பு. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் குடித்தாலே அதிகம். நோய் வந்தால் அதுவும் குறையும். கசந்தால் தொடவே தொடாது. ஆக மருந்து எவ்வளவு உள்ளே போனது? யாருக்கும் தெரியாது. இரண்டு, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கூண்டில் கணவாய் ஓடு தொங்கிக்கொண்டிருக்கும், அதையும் கடித்துக்கொண்டே இருக்கும். மூன்று, பேதி பூஞ்சையாலோ வைரஸாலோ புழுவாலோ துத்தநாகக் கூண்டைக் கடித்ததாலோ வந்திருந்தால் ஆன்டிபயாடிக் அதில் ஒன்றும் செய்யாது. பூஞ்சை இன்னும் வளரத்தான் வழி செய்யும். நான்கு, அரைகுறை அளவில் கொடுத்த மருந்து கிருமியைக் கொல்லாமல் அதற்கு டியூஷன் எடுக்கிறது. அடுத்த முறை உண்மையான டாக்டர் கொடுக்கும் மருந்தும் கேட்காது.

கிளிக்காய்ச்சல் என்று சொன்னேனே, ஆங்கிலத்தில் சிட்டகோசிஸ், அதற்கு டாக்டர்கள் டாக்ஸிசைக்ளினை வழக்கமாக 45 நாள் கொடுக்கிறார்கள். கடைக்காரர் மூன்று நாள் என்கிறார். மூன்று நாளில் பறவை கொஞ்சம் தெளியும், நீங்கள் நிறுத்துவீர்கள், கிருமி உள்ளேயே இருக்கும்.

இந்த நோய் பறவையோடு நிற்காது, மனிதனுக்கும் வரும். 1929-30-ல் தென் அமெரிக்காவிலிருந்து போன கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதை ஆராய்ந்த வாஷிங்டன் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களே படுத்தார்கள், ஒருவர் இறந்தும் போனார். காய்ந்த எச்சத் தூள் மூச்சில் போவதுதான் முக்கிய வழி. அதனால் கூண்டுத் தட்டைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள், தண்ணீர் தெளித்துவிட்டு எடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று டாக்டரிடம் போனால் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வாங்கிய பறவையைப் பழைய கூண்டில் அன்றைக்கே விடுவதும் இதே ரகத் தப்புதான். வெளியே நன்றாகத் தெரியும் பறவையும் கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். குறைந்தது 30 நாளாவது வேறு அறையில் வையுங்கள்.

நோயை நாமே சமைப்பது

பாதி நோய் சமையலறையிலிருந்தும் பூஜையறையிலிருந்தும்தான் வருகிறது. பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிட வேகமாக உறிஞ்சும். விஷக்காற்றையும் அப்படித்தான். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரி குருவியை வைத்திருந்தது அதனால்தான். இங்கே நாம் கூண்டை ஹாலில் தொங்கவிட்டு, பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள், காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. நான்-ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் மறந்துவிட்டால் அதிலிருந்து வரும் ஆவி நமக்குத் தெரியாது, கிளியைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். இதுதான் ஓரளவு நிஜமான "திடீர்". ஆனால் இதற்கும் காரணம் அடுப்பில்தான் இருக்கிறது, விதியில் இல்லை.

அடுத்து சாப்பாடு. சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ கிடைக்காது. வாய், மூக்கு, மூச்சுக்குழல் உள்தோல் எல்லாம் கெட்டு, கிருமி சுலபமாக நுழையும். சூரியகாந்தியின் கொழுப்பு ஈரலில் போய் உட்காரும். இதற்கு எந்தப் பவுடரும் வேண்டாம். கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை, பப்பாளி போதும். நாம் சமையலில் போடும் கேரட்டில் ஒரு துண்டு. சாக்லேட், காபி, உப்புப் போட்ட மிக்ஸர், அவகாடோ எல்லாம் கூடவே கூடாது. அவகாடோ கிளிக்கு விஷம்.

"பறவை 300 ரூபா, டாக்டருக்கு 500 ரூபாயா?"

இதுதான் கடைசி ஆயுதம். விலை குறைந்த உயிர் என்பதால் வைத்தியம் பார்ப்பது முட்டாள்தனமாம். தெருநாய்க்குட்டியை இலவசமாக எடுத்து வந்தவர்கள் அதற்கு ஊசி போடுவதில்லையா? 300 ரூபாய் கடைக்காரருக்குக் கொடுத்த விலை. அந்தப் பறவை தன் உயிருக்குப் போட்ட விலை அது இல்லை. கூண்டில் அடைத்துவிட்டதால் அது தானே இரை தேடவோ, நல்ல இடத்துக்குப் பறந்து போகவோ முடியாது. அந்த வழிகளை மூடியது நாம். அப்புறம் செலவுக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

இன்னொரு ஆட்சேபணை நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். பறவை தெரிந்த டாக்டர் எல்லா ஊரிலும் இல்லை. ஆடு, மாடு, நாய் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் பறவை வாங்குவதற்கு முன்பே டாக்டரைத் தேடச் சொல்கிறேன். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-ல் தொடங்கியது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரி உண்டு. உங்கள் ஊரிலிருந்து எது பக்கம் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். எங்குமே போக முடியாத இடத்தில் இருந்தால், நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. வாங்காதீர்கள்.

சரி, இன்றைக்கே உடம்பு சரியில்லை என்றால்?

தனியாக, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். கூண்டைப் பாதி துணியால் மூடி, வெளியிலிருந்து ஒரு குண்டு பல்பால் சூடு கொடுங்கள். உள்ளே சுமார் 30 டிகிரி இருந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும், வேண்டாம் என்றால் அது நகர்ந்துகொள்ளும். (சித்திரை வெயிலில் பால்கனியில் இருந்த பறவை இறக்கையை விரித்து மூச்சு வாங்கினால் அது வெயிலின் வேலை. அதற்குப் பல்பு போட்டுக் கொன்றுவிடாதீர்கள், நிழலுக்குக் கொண்டுபோங்கள்.) சாப்பாடும் தண்ணீரும் எட்டுகிற உயரத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பட்ஜி அளவுப் பறவை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. அதனால் அன்றைக்கே டாக்டர். போகும்போது எச்சம் விழுந்த பேப்பர், செல்போனில் எடுத்த வீடியோ, எடை நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் அது மறுபடி நடிக்கும், வீடியோ நடிக்காது.

அப்படியும் இறந்து போனால் செடிக்கு அடியில் புதைக்கும் முன், மீதி பறவைகளுக்காகவாவது பிரேதப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். கண்ணு பட்டுச்சு, காத்து பட்டுச்சு என்பதெல்லாம் அப்போதுதான் ஓயும்.

அடுத்த முறை உங்கள் நண்பர் யாராவது "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுடா" என்று ஆரம்பித்தால், ஆறுதல் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போன வாரம் எடை எவ்வளவுடா?"

டிஸ்கி: நான் கால்நடை டாக்டர் இல்லை. மருந்து அளவு எதையும் இங்கே எழுதாதது வேண்டுமென்றேதான். தயவுசெய்து யாரும் "எத்தனை மில்லி?" என்று என்னிடம் கேட்காதீர்கள். தராசு எங்கே வாங்குவது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன்.